மல்லாந்து கிடப்பவன் தோற்றவனா?

அட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் கோயில் திருவிழாவையொட்டி நடந்த கூட்டம் அது. பேசியவர் தமிழறிந்த பெரியவர். பெயர் இங்கே வேண்டாம். சிலம்பத்தை மறந்தார்கள், காமன் கூத்தை மறந்தார்கள் என்று தொடங்கியவர், தோட்டத்து இளைஞர்கள் கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகும் கலப்புச் சண்டைக் கலையில் வந்து நின்றார். மண்ணில் மல்லாந்து படுத்து, எதிரியைத் தன் இரு கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பவன் ஆண்பிள்ளையா என்று கேட்டார். முதுகில் மண் ஒட்டிய பிறகு வீரம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்றும் கேட்டார். கூட்டம் சிரித்தது, கை தட்டியது. முன்வரிசையில் இருந்த தோட்டத்து உத்தியோகத்தர்களும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன். பெரியவர் சொன்னது தவறு. தவறு மட்டுமன்று, தீங்கும்கூட. அதற்காக, அவர் ஏளனம் செய்த இளைஞர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார்கள் என்று நான் வாதாடப்போவதில்லை. அவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். எம்.எம்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலப்புச் சண்டைக் கலையில் குத்து, உதை, மல்யுத்தப் பிடி, கழுத்து நெரிப்பு, மூட்டு முறிப்பு எல்லாம் உண்டு. ஒருவன் கீழே விழுந்துவிட்டாலும் சண்டை நிற்பதில்லை. மேலே இருப்பவன் குத்தலாம். அப்படிக் கீழே விழுந்தவன், மேலே இருப்பவனைத் தன் கால்களால் மறித்தோ பின்னியோ தனக்கும் அவனுக்கும் இடையே ஒரு வேலி போட்டுக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் ‘கார்ட்’ என்கிறார்கள். தமிழில் காப்பு நிலை என்று சொல்லிக்கொள்ளலாம். கால்களை எதிரியின் இடுப்பைச் சுற்றிப் பின்னி, கணுக்கால்களைக் கோத்துக்கொண்டால் அது மூடிய காப்பு. கோக்காமல், பாதங்களை அவன் இடுப்பிலோ தொடையிலோ முழங்காலிலோ வைத்துத் தடுத்தால் திறந்த காப்பு. அவனுடைய ஒரு காலை மட்டும் தன் இரு கால்களுக்குள் சிறைப்படுத்தினால் அரைக் காப்பு. இந்த மூன்றுக்குள்ளும் பல கிளைகள் உண்டு. எந்த வேளையில் எதைத் தெரிவு செய்வது என்பதுதான் கீழே இருப்பவனின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

நான் சண்டைக்காரன் அல்லன். எண்பதுகளில் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் விளையாட்டுப் பக்கத்துக்குக் குத்துச்சண்டை, மல்யுத்தச் செய்திகள் எழுதிய பழக்கம் உண்டு. பிறகு கனடாவில் என் அக்காவின் மகன் ஜியு-ஜிட்ஸு பயிலும் கூடத்தில், குளிர்காலம் ஒன்று முழுவதும் மெத்தையோரம் உட்கார்ந்து பார்த்தும் கேட்டும் அறிந்துகொண்டது உண்டு. பெரியவருக்குப் பதில் சொல்ல இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

முதுகு மண்ணில் படுவது தோல்வி என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? மல்யுத்தத்தின் விதியிலிருந்து வந்தது. வட இந்தியக் குஸ்தியிலும் சரி, ஒலிம்பிக் மல்யுத்தத்திலும் சரி, இரு தோள்களும் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அந்த விதி வகுத்த மானத்தைத்தான் நாம் பழமொழியாகவும் ஆக்கிவைத்திருக்கிறோம். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று தோல்வியை மறைப்பவனைக் கேலி செய்கிறோம் அல்லவா? குத்தும் அனுமதிக்கப்பட்ட சண்டையில் இந்த வழக்கு அப்படியே தலைகீழாகிவிடும். அங்கே மல்லாந்தவனுக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு கால்கள் இருக்கின்றன. குப்புற விழுந்தவனுக்கு எதுவும் இல்லை. முதுகில் ஏறி அமர்ந்தவன் பிடரிக்குப் பின்னாலிருந்து கையைச் செலுத்திக் கழுத்தை நெரித்துவிடுவான். அவன் முகத்தைக்கூடக் கீழே கிடப்பவன் பார்க்க முடியாது. மீசையில் மண் ஒட்டியதா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே அங்கு நேரமில்லை.

விதி மாறினால் நிலையின் பொருளும் மாறும். இதற்கு நம் துணைக்கண்டத்திலேயே பெரிய சாட்சியம் இருக்கிறது. 1910 செப்டெம்பர் 10ஆம் திகதி இலண்டனில் காமா பயில்வானும் போலந்து மல்லர் ஸ்பிஷ்கோவும் மோதினார்கள். காமாவின் வேகத்தைக் கண்ட ஸ்பிஷ்கோ, தொடக்கத்திலேயே தரையோடு தரையாகப் பதுங்கிக்கொண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே காலத்தைக் கடத்தினார். காமாவால் அவரைப் புரட்டித் தோளை மண்ணில் பதிக்க முடியவில்லை. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஒரு வாரம் கழித்து மறு ஆட்டத்துக்கு ஸ்பிஷ்கோ வரவேயில்லை. பட்டம் காமாவுக்குப் போனது. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்துவிட்டது. ஸ்பிஷ்கோவின் பதுங்கலைக் காப்பு நிலை என்று நான் சொல்லமாட்டேன். அது நேரத்தைக் கொல்லும் தந்திரம். மல்யுத்த விதிக்குள் அது செல்லுபடியானது. முதுகில் குத்தலாம் என்றொரு விதி அன்று இருந்திருந்தால் இரண்டரை மணி நேரம் எங்கே, இரண்டரை நிமிடம்கூட அது நின்றிருக்காது.

பெரியவர் சங்க இலக்கியத்தை இடையிடையே எடுத்தாண்டார். ஆகையால் அங்கேயே போவோம். புறநானூற்றின் 80ஆம் பாடல், சாத்தந்தையார் பாடியது. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சொல்வது. அந்தப் பாடலில் புலவரின் கண் வீரனின் கைகளில் நிற்கவில்லை, கால்களில் நிற்கிறது. ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றுகிறது. மற்றக் கால் அவன் செய்யவரும் உபாயத்தைத் தடுத்து அவன் பின்புறமாய் வளைகிறது. இது இன்றைய காப்பு நிலைதான் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. அந்த வகையான பெருமிதத்தில் எனக்கு நாட்டமில்லை. கிள்ளி அங்கே மேலே இருந்தான் என்று கொள்வதே பொருத்தம். ஆனால் எதிரியைக் காலால் தடுப்பதும் காலால் வளைப்பதும் தமிழனுக்கு இழுக்கு என்று சங்கத்தின் பெயரால் எவரும் பேசக்கூடாது. சங்கப் புலவர் அதைத்தான் பாடிவைத்திருக்கிறார்.

இனி இந்தக் காப்பு நிலை யாருக்காகப் பிறந்தது என்று பாருங்கள். ஜப்பானிய யூடோவின் தரைப் பிடிகளில் இது முன்பே இருந்தது. 1914இல் பிரேஸிலுக்குப் போன மித்சுயோ மயேடா என்ற யூடோ வீரர் வழியாக அந்தக் கலை கிரேஸி குடும்பத்துக்குக் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் ஹீலியோ என்பவர் மெலிந்த உடல்வாகு கொண்டவர். பலத்தால் எவரையும் தூக்கி எறிய முடியாதவர். கீழே விழுவதைத் தவிர்க்க முடியாது, விழுந்த பின் என்ன செய்வது என்ற கேள்வியையே அவர் தன் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டார். அவருடைய மகன் ரொய்ஸ், 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதலாவது யு.எஃப்.சி. போட்டியில் வென்றபோது எடை சுமார் 80 கிலோ. அடுத்த ஆண்டு டிசம்பரில் டான் செவெர்ன் என்ற மல்யுத்த வீரருடன் மோதினார். செவெர்ன் அவரைவிடச் சுமார் 35 கிலோ கூடியவர். ஏறக்குறைய 16 நிமிடங்கள், அதில் பெரும்பகுதி, ரொய்ஸ் அந்த மலைக்குக் கீழே மல்லாந்தே கிடந்தார். முடிவில் தன் கால்களை முக்கோணமாகப் பூட்டி, செவெர்னின் கழுத்தையும் ஒரு கையையும் அதற்குள் இறுக்கி, அவரைக் கைதட்டிச் சரணடையச் செய்தார். தோற்றவர் மேலே இருந்தவர்தான்.

சிறிய உடம்புக்காரனுக்காக வளர்ந்த கலை இது. அதை மலையகத்தில் நின்று ஏளனம் செய்வது ஏன் எனக்குச் சினமூட்டுகிறது என்று இப்போது விளங்கும். 2016இல் அரசு நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் சுமார் 17 வீதம். தோட்டத்துறையில் அது சுமார் 32 வீதம். நுவரெலியா மாவட்டம் அந்தப் பட்டியலின் உச்சியில் நிற்கிறது. கோதுமை ரொட்டியும் சாயத்தண்ணியும் தின்று வளர்ந்த உடம்பு, குனிந்து நுழையும் லயக் காம்பராவில் வளர்ந்த உடம்பு. அந்த உடம்பை நோக்கி, நின்ற நிலையில் தோளோடு தோள் மோதி வெல், இல்லையேல் நீ வீரனல்லன் என்று சொல்வது எத்தகைய நீதி? எடைப்பிரிவு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். போட்டி மேடையில் இருக்கிறது. கடைவீதியிலும் பஸ் நிலையத்திலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பிறந்ததிலிருந்து செங்குத்தான மலைச்சரிவில் ஏறி இறங்குகிற மக்கள் இவர்கள். கொழுந்துக் கூடையோடு ஏறுகிற தாயும், பாடசாலைக்குப் படியேறுகிற பிள்ளையும் சமவெளிக்காரரைவிடக் காலில் வலுவுள்ளவர்கள் என்பது நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். (ஒருமுறை பொகவந்தலாவைப் பக்கம் ஒரு மலையில், அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் என்னைத் தாண்டிப் போய், மேலே நின்று, வாங்க ஐயா என்று இரக்கத்தோடு கூப்பிட்டார்.) எந்த மனிதனுக்கும் கையைவிடக் கால் பலமானது. காப்பு நிலை என்பது நம் காலை எதிரியின் கையோடு மோதவிடுகிற ஏற்பாடு. அதைவிடப் பொருத்தமான கலையை மலையகத்துக்கு எவர் கொண்டுவந்து தரப்போகிறார்?

பெரியவரின் கணக்கு இத்துடன் தீர்ந்தது. இனி இளைஞர்களின் கணக்கு.

தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவின் விறாந்தையில் உரச்சாக்குகளைப் பரப்பி, மேலே பழைய படங்கு ஒன்றை விரித்து நான்கு பையன்கள் பயிற்சி செய்வதைப் பார்த்தேன். ஆர்வத்தில் குறையில்லை. ஆனால் அவர்கள் பழகிக்கொண்டிருந்தது ‘டி லா ரிவா’ காப்பு. நிற்கும் எதிரியின் முழங்காலை வெளிப்புறமாக நம் பாதத்தால் கொக்கிபோல் சுற்றிப் பிடித்து, மறு கையால் அவனுடைய சட்டையின் கைவிளிம்பை இழுத்து, அவன் சமநிலையைக் குலைப்பது. பார்க்க அழகானது. ஜியு-ஜிட்ஸு அங்கி அணிந்து, குத்து என்பதே இல்லாத போட்டியில் அது அருமையான ஆயுதம். ஏன் இதைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டேன். வீடியோவில் உலகச் சம்பியன் செய்தார் என்றான் ஒருவன். அந்தச் சம்பியன் முகத்தில் யாராவது குத்தினார்களா என்று கேட்டேன். நால்வரும் சிரித்தார்கள். பதில் வரவில்லை.

என் வழக்கு இதுதான். கலப்புச் சண்டையில் காப்பு நிலையைத் தெரிவு செய்வதற்கு முதற்கேள்வி, இதிலிருந்து என்ன பிடி போடலாம் என்பதன்று. இங்கே என் முகத்தில் குத்து விழுமா என்பதே. இரண்டாவது கேள்வி, இங்கிருந்து நான் எழுந்து நிற்க முடியுமா என்பது. இந்த இரண்டுக்கும் விடை கண்ட பிறகுதான் மூன்றாவதாகப் பிடியையும் முக்கோணத்தையும் பற்றிச் சிந்திக்கலாம். அங்கி இல்லாத, சட்டையே இல்லாத, வியர்வை வழுக்குகிற உடம்பில் கைவிளிம்பு எங்கே இருக்கிறது பிடித்து இழுக்க? பிடி நழுவிய கணத்தில் நம் தலை அவன் முட்டிக்கு நேர் கீழே திறந்து கிடக்கிறது. எழுவதற்கு ஒரு படியாக மட்டும் டி லா ரிவாவைத் தேர்ந்த வீரர்கள் சிலர் பயன்படுத்துவதுண்டு. அவர்கள் அதில் தங்குவதில்லை.

குத்து விழுமா விழாதா என்பது தூரத்தைப் பொறுத்தது. கையோங்கிக் குத்துவதற்கு எதிரிக்கு ஓர் இடைவெளி வேண்டும். அதிக நெருக்கத்தில் ஓங்க இடமில்லை. அதிக தூரத்தில் எட்டாது. ஆகவே கீழே இருப்பவன் ஒன்றில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அல்லது தள்ளி வைக்க வேண்டும். நடுவில் கிடப்பதுதான் சாவு. மூடிய காப்பைத் தெரிவு செய்தால், எதிரியின் தலையை இழுத்து நம் மார்போடு அணைத்து, அவனுடைய ஒரு கையை நம் கக்கத்துக்குள் பூட்டி, அவன் முதுகை நிமிர்த்தவிடாமல் வைத்திருக்க வேண்டும். அவன் நிமிர்ந்துவிட்டானா, கணுக்கால்களைக் கோத்துக்கொண்டு கிடப்பதில் பயனில்லை. உடனே கால்களைத் திறந்து, பாதங்களை அவன் இடுப்பில் பதித்து, உதைத்துத் தள்ளி, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்துவிட வேண்டும். நம் பையன்கள் இந்த இரண்டுக்கும் நடுவே, கால்களை மட்டும் பூட்டிக்கொண்டு, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு கிடக்கிறார்கள். அதற்குக் காப்பு என்று பெயர் வைத்தது யார்?

சிறந்த மூடிய காப்புக்காரனுக்கும் என்ன நேரும் என்பதற்கு 2003 மார்ச்சில் யொகொஹாமாவில் நடந்த சண்டை சாட்சி. பிரேஸிலின் நொகேய்ரா அக்காலத்தில் பெரும் எடையாளர்களுள் தலைசிறந்த காப்பு உடையவர். கீழே கிடந்தே பலரை வென்றவர். ரஷ்யாவின் ஃபெடோர் எமிலியானென்கோ அவருடைய கால்களுக்கு நடுவே பயமின்றி நுழைந்தார். அதற்குள்ளேயே இருந்துகொண்டு, வரும் பிடிகளை உதறிவிட்டு, குத்தினார், குத்தினார், குத்திக்கொண்டேயிருந்தார். தீர்ப்பு ஏகமனதாக ஃபெடோருக்கு. தரையில் முழங்கையால் தலையில் அடிப்பதற்குத் தடையிருந்த போட்டி அது. இன்று பெரும்பாலான மேடைகளில் பின்பற்றப்படும் ஒருங்கிணைந்த விதிகள் அதை அனுமதிக்கின்றன.

இங்கே என் மருமகனைப் போன்றவர்கள் இரண்டு சண்டைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒன்று, 2010 ஜூனில் அதே ஃபெடோரை வெர்டும் கீழே கிடந்தபடி ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் முக்கோணப் பூட்டில் சரணடைய வைத்தது. மற்றது, அதே ஆண்டு ஓகஸ்டில் அன்டர்சன் சில்வா, ஐந்தாம் சுற்றில், கீழிருந்தே சேல் சோனனை வென்றது. இரண்டும் உண்மை. காப்பு நிலை செத்துவிட்டது என்று சொல்வோரின் வாயை அடைக்க இவை போதும். ஆனால் சில்வாவின் சண்டையை முழுமையாகப் பாருங்கள் என்பேன். முதல் நான்கு சுற்றுகளையும் நடுவர்கள் சோனனுக்கே கொடுத்திருந்தார்கள். அந்நேரமெல்லாம் சில்வா பெரும்பாலும் கீழே கிடந்து அடி வாங்கினார். உலகின் ஆகச்சிறந்த வீரன் என்று அன்று கொண்டாடப்பட்டவருக்கு, இருபத்துமூன்று நிமிடத்துக்குப் பின் கிடைத்த ஒரு கணம் அது. அந்தக் கணத்தை நம்பி, வாரத்தில் இரண்டு மாலை பழகுகிற பையன் நான்கு சுற்று அடி வாங்கலாமா? மேலே இருப்பது மட்டுமே புள்ளியாகாது என்று விதியில் எழுதியிருக்கிறது. ஆனால் மேலே இருந்து விழுகிற அடி புள்ளியாகும். மூளைக்கும் அது கணக்காகும்.

ஆகவே என்னைக் கேட்டால், மலையகத்துப் பையன் முதலில் பழக வேண்டியது அரைக் காப்பு. அழகில்லாதது, வீடியோவுக்கு எடுபடாதது. எதிரியின் ஒரு காலைச் சிறைப்படுத்தியவன் மல்லாந்து கிடக்கக்கூடாது. பக்கவாட்டில் சரிந்துவிட வேண்டும். கீழ்ப்பக்கத்துக் கையால் அல்லாமல் மேற்பக்கத்துக் கையால் எதிரியின் கக்கத்துக்குக் கீழே துளைத்து, அவன் முதுகை எட்டி, தலையை அவன் நெஞ்சுக்குக் கீழே புதைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து முழங்காலுக்கு எழலாம். எழுந்து, சிறைப்பட்ட அந்தக் காலையே பற்றி அவனைச் சாய்க்கலாம். குட்டையான, கட்டுமஸ்தான உடம்புக்கு இது கைகொடுக்கும். முக்கோணப் பூட்டுக்கு நீளமான கால் வேண்டும், இதற்கு வேண்டாம். ஆபத்து ஒன்றுண்டு: அந்தக் கக்கப் பிடியை இழந்து, எதிரியின் தோள் நம் தாடையைத் தள்ள, முதுகு தட்டையாகிவிட்டால் முழங்கை மழைதான். பிடியை இழந்தது தெரிந்த மறுகணமே முழங்காலை நடுவே செருகித் திறந்த காப்புக்கு மாறிவிட வேண்டும்.

அரைக் காப்புக்கு அடுத்தது வண்ணத்துப்பூச்சிக் காப்பு. உட்கார்ந்த நிலையில், இரு பாதங்களையும் எதிரியின் தொடைகளுக்கு உட்புறமாகக் கொக்கியிட்டு, அவனை அணைத்துத் தூக்கிப் புரட்டுவது. மலையேறிய தொடைக்கு அது பொருந்தும். ஆனால் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டாமல் தூர உட்கார்ந்திருந்தால், முகத்தைத் தட்டில் வைத்து நீட்டுவதற்குச் சமம். ‘ரப்பர்’ காப்பு என்றொன்று இருக்கிறது. காலைத் தன் கையாலேயே பிடித்து எதிரியின் கழுத்துவரை ஏற்றுவது. இடுப்பு இயல்பிலேயே இளகியவர்களைத் தவிர மற்றவர்கள் அதைத் தொட வேண்டாம். முழங்கால் போய்விட்டால் தோட்டத்தில் பிழைப்பு போய்விடும். பெயர் பதிகிற கங்காணி முழங்கால் சவ்வைப் பற்றிக் கேட்கமாட்டார்.

தரையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. 2004 ஜூனில் ஜப்பானில், ரிக்கார்டோ அரோனா கீழே கிடந்து முக்கோணப் பூட்டுப் போட முயன்றபோது, குவின்டன் ஜாக்சன் அவரை அப்படியே தலைக்குமேல் தூக்கித் தரையில் அறைந்தார். அரோனாவின் உணர்வு தப்பிவிட்டது. அது மெத்தை போட்ட மேடை. நம் பையன்கள் பழகுவது சாக்கு விரித்த சீமெந்துத் தரையில். விறாந்தை விளிம்புக்கு அப்பால் கருங்கல் கான். எதிரி நம்மைத் தூக்கிக்கொண்டு எழத் தொடங்கினால் கால்களை உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்ற ஒரு விதியை, எந்தப் பிடியையும் கற்பிக்கும் முன் கற்பிக்க வேண்டும். வீடியோக்கள் அதை முதற்பாடமாகச் சொல்வதில்லை. மெத்தை உள்ளவர்களுக்காக எடுக்கப்பட்டவை அவை.

பெரியவரின் பேச்சில் எனக்கு ஆறாத பகுதி இன்னொன்று. எதிரியை இரு கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு என்று அவர் சொன்னபோது ஆண்கள் பகுதியில் எழுந்த சிரிப்பின் தன்மை எனக்குத் தெரியும். பெண்கள் பகுதியில் ஒருவரும் சிரிக்கவில்லை. லயத்தின் கோடியிலுள்ள கழிப்பறைக்கு இருட்டில் போய்வருகிற பெண், மாலையில் தேயிலைக்கு ஊடாகத் தனியே வீடு திரும்புகிற மாணவி, இவர்கள் அஞ்சுகிற நிலை எதுவோ அந்த நிலைதான் அது: தள்ளி வீழ்த்தப்பட்டு, மல்லாந்து, மேலே ஒருவன். பாடசாலைகளில் தற்காப்பு என்ற பெயரில் பெண் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, காற்றில் குத்தவும் காற்றில் உதைக்கவும் பழக்குகிறார்கள். நல்லது. விழுந்த பின் என்ன செய்வது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? அந்த நிலையைப் பேசுவதே வெட்கம் என்று ஒதுக்கிவிடுகிறோம். வெட்கப்பட வேண்டியவன் வேறொருவன் இருக்க.

அந்தப் பிள்ளைக்கு முக்கோணப் பூட்டு வேண்டாம். அவளுக்கான தெரிவு மிகச் சுருக்கமானது. அருகில் இருந்தால் அவன் தலையைத் தன் தோளோடு இறுக்கிக் கையோங்க இடங்கொடாமல் மூடிய காப்பு. அவன் நிமிர்ந்த கணத்தில் இரு பாதங்களையும் இடுப்பில் வைத்து முழுப் பலத்தோடு உதைத்து, உருண்டு, எழுந்து, ஓட்டம். மலையேறும் கால்களின் உதை அது. இதை ஆறு மாதத்தில் ஒரு பெண் பிள்ளைக்குப் பழக்கிவிடலாம் என்று என் மருமகனின் ஆசிரியை என்னிடம் சொன்னார். அவர் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. என்னைப் பிடித்துக் காட்டட்டுமா என்றார். நான் மரியாதையாக மறுத்துவிட்டேன்.

தேர்தல் வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் கரப்பந்தும் வலையும் கிரிக்கெட் மட்டையும் வந்து இறங்குகின்றன. ஆண் பிள்ளைகளின் சங்கத் தலைவர் கைகுலுக்கி வாங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார். எந்த மலையிலும் சமதரை அரிது. பந்து கானுக்குள் போய்விடும். தரைச்சண்டைக்கு மைதானம் வேண்டாம். யூடோ மெத்தை ஒன்று பொதுவாக இரண்டு மீற்றருக்கு ஒரு மீற்றர், நான்கு சென்ரிமீற்றர் தடிப்பு. ஆறு மீற்றர் சதுரத்துக்குப் பதினெட்டு மெத்தைகள் போதும். மழை, பனி படாத கூரையொன்று வேண்டும். மலையகத்தில் மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகள் உண்டு. அவற்றின் மேல்மாடிகள், கொழுந்து வாட்டுவதற்காக நீளமாகக் கட்டப்பட்டவை. பலவற்றில் பலகைத் தளம். கந்தப்பளையில் அப்படியொரு தொழிற்சாலையைச் சொகுசு ஹோட்டலாக்கி 1996இலேயே திறந்துவிட்டார்கள். சுற்றுலாப் பயணி படுக்க மாடி கிடைக்கும் என்றால், அந்தக் கொழுந்தைப் பறித்தவரின் பேத்தி விழுந்து எழப் பழகுவதற்கும் ஒரு மாடி கிடைக்க வேண்டும். பதினெட்டு மெத்தைகளோடும், குத்து விழும் தூரம் எது, விழாத தூரம் எது என்று தெரிந்த ஓர் ஆசிரியரோடும். முடிந்தால் ஆசிரியையோடு.